பிழைக் களஞ்சியம்

இரண்டாவது மொழி கற்பவர்கள் செய்யும் இலக்கணப் பிழைகளைச் சேகரித்து, வகை பிரித்து, எண் போட்டு, பூட்டி வைப்பதற்கென்றே மைசூரில் ஒரு நிறுவனம் நடக்கிறது என்றால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். பசவராஜும் நம்பவில்லை. ஆனால் விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் ஒரு மஞ்சள் கட்டடத்தின் வாசலில் மூன்று மொழிகளில் போர்டு இருந்தது: ‘இரண்டாம் மொழிப் பிழைக் களஞ்சியம்’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘வளாகத்துக்குள் யாரும் யாரையும் திருத்த வேண்டாம்’. பசவராஜ் இருபத்தெட்டு வருஷம் ஊரோரத்து ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போர்டில் போட்டிருப்பதை நம்பாதவராக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு பஸ்ஸை ஏரியில் இறக்கியிருப்பார். ஆகவே உள்ளே போனார்.

அவருக்கு வேண்டியது பெரிய விஷயமில்லை. தன் மனைவியோடு தமிழில் பேச வேண்டும்.

பூவாத்தாள் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். மாதேஸ்வரன் மலையில் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வந்த முதல் வாரமே பசவராஜின் தாயார், “இந்த வீட்டில் கன்னடம்தான்” என்று சொல்லிவிட்டார். பசவராஜ் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. பூவாத்தாள் ஆறே மாதத்தில் கன்னடம் கற்றுக்கொண்டாள். அவள் பேசினால் அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள், அவள் திருத்திக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த வகுப்பு. பத்து வருஷம் கழித்து அந்தத் தெருவில் அவள் தமிழச்சி என்பதே பலருக்குத் தெரியாது. குழந்தை இல்லை. தாயாரும் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் இரண்டே பேர், ஒரே மொழி.

தசரா முடிந்து யானைகள் காட்டுக்குத் திரும்பிய வாரத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது. ஒரு மாதம் கழித்துப் பேச்சு திரும்பியபோது, கன்னடம் திரும்பவில்லை. சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, பிற்பாடு வந்தது முதலில் போய்விடும் என்றார் டாக்டர். “ஏனுங், தண்ணி குடுங்” என்று அவள் கேட்டால் அவருக்குப் புரிந்தது. தண்ணீர், கை, நோவு எல்லாம் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவர் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் யாரிடமோ போனில் பேசுவதைக் கேட்பது போல, மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

அவளிடம் அவர் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பத்தொன்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. ஹனூரில் பூவாத்தாளின் அம்மா இறந்துபோன அன்று, பஸ் டிப்போவுக்குப் போன் வந்தது. அந்த வாரம் வீட்டில் பசவராஜின் தாயாருக்கு அறுபது வயது நிறைந்த பூஜை. ஐம்பது பேருக்குச் சமையல். இவள் போய்விட்டால் அடுப்பை யார் பார்ப்பது என்று யோசித்தார் பசவராஜ். நாலு நாள் கழித்து, பந்தல் பிரித்த பிறகுதான் சொன்னார். எல்லாம் முடிந்திருந்தது. பூவாத்தாள் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். அதன்பின் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவேயில்லை. இப்போது அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமென்று அவருக்குத் துணிவு வந்தபோது, கேட்கிறவளுக்கு மொழி போய்விட்டது.

பக்கத்து வீட்டு நாராயணஸ்வாமி ரயில்வேயில் இருந்தவர், தமிழர். அவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்தார். வெளி ஆளைக் கண்டதும் பூவாத்தாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள். இப்படிப்பட்ட விஷயத்தை இன்னொருவர் வாயால் சொல்லவும் முடியாது. எனக்கே தமிழ் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார் பசவராஜ். நாராயணஸ்வாமி கையெடுத்துக் கும்பிட்டார். தன் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம், மீதி இங்கிலீஷ், முறையாக வேண்டுமானால் விஜயநகரில் ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கிறது என்றார். பாவம், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

களஞ்சியத்தின் இயக்குநர் முனைவர் மாதவ். பசவராஜிடம் அவரும் மற்றவர்களும் முதலில் கன்னடத்தில்தான் பேசினார்கள். நான் அதையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். களஞ்சியத்துக்குத் தெரிய வேண்டாம்.

விண்ணப்பப் படிவம் ஒன்பது பக்கம். ‘இதற்கு முன் தாங்கள் திருத்தப்பட்டதுண்டா? ஆம் எனில், எத்தனை முறை, யாரால்?’ என்று ஒரு கேள்வி. பசவராஜ் யோசித்து, ‘ஒருமுறை, டிராஃபிக் போலீஸ்’ என்று எழுதினார். ‘கற்றல் நோக்கம்’ என்ற இடத்தில், ‘நோயில் கிடக்கும் மனைவியோடு பேச’ என்று எழுதினார். மாதவ் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அறுபத்தியோரு வயசு. கன்னடம் தவிர வேற மொழி கிடையாது. அதுக்கு மேல மனசுல பாரம். ஸ்மிதா, பாத்தியாம்மா? மனசுல பாரம் இருக்கறவங்க வேகமாப் பேசுவாங்க. வேகமாப் பேசினா நமக்கு நல்லது.”

ஸ்மிதா அங்கே ஆராய்ச்சி உதவியாளர். மெலிந்த பெண். இயக்குநர் பேசும்போதெல்லாம் தரையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது.

பிறகு உறுதிமொழி. வலது கையை நீட்டி, ஸ்மிதா சொல்லச் சொல்ல, பசவராஜ் திருப்பிச் சொன்னார். வீட்டில் தமிழ் டிவி பார்க்க மாட்டேன். தமிழ்ப் படம் பார்க்க மாட்டேன். மனைவி தவிர வேறு தமிழரோடு தமிழில் பேச மாட்டேன். என்னை யாராவது திருத்த முற்பட்டால் உடனே களஞ்சியத்துக்குத் தெரிவிப்பேன். மாதவ் அவர் தோளைத் தட்டினார். “வெளியுலகம் அழுக்கு, பசவராஜ். நீங்க அழுக்காயிடக் கூடாது” என்றார். பெரிய படிப்புக்குப் பத்தியம் இருக்கும்தானே என்று பசவராஜ் நினைத்துக்கொண்டார்.

வாரம் மூன்று நாள் வகுப்பு. வகுப்பு என்று அவர்தான் சொன்னார். களஞ்சியத்தில் அதற்கு ‘அமர்வு’ என்று பெயர். ஸ்மிதா ஒரு படத்தைக் காட்டுவாள், நாலு தமிழ் வார்த்தை சொல்வாள். பசவராஜ் அதை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். பேசப் பேச ஸ்மிதா புன்னகையோடு தலையாட்டுவாள். தலையாட்டத்தான் அவளுக்கு உத்தரவு. அவள் கையில், திருவிழாக் கூட்டத்தை எண்ணுகிற மாதிரி, கட்டைவிரலால் அமுக்குகிற ஒரு சின்ன எண்ணும் கருவி. டிக், டிக் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாள் பதினேழு. அடுத்த வாரம் முப்பத்தொன்று. மாதக் கடைசியில் நாற்பத்து மூன்று.

வெள்ளிக்கிழமைதோறும் கூடத்தில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். தலைப்பு இங்கிலீஷ் முதலெழுத்துகளில் இருந்தது. பெயருக்கு நேரே எண். பசவராஜின் பெயர் முதலில். அவரோடு சேர்ந்த மேகனா என்ற கன்னடப் பெண், ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், வாரா வாரம் கீழே இறங்கிக்கொண்டே போனாள். இறங்க இறங்கச் சந்தோஷப்பட்டாள். பெருந்தன்மையான பெண் என்று எண்ணிக்கொண்டார் பசவராஜ். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் முதல் மாணவன் கடைசி மாணவியிடம் போய்ச் சந்தேகம் கேட்பானா? பள்ளிக்கூடத்தில் நாலாவது வகுப்பைத் தாண்டாதவர் அவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் முதலில் வந்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் தேவராஜ் மார்க்கெட் பக்கத்தில் இரண்டு கிலோ மைசூர்பாக் வாங்கிக்கொண்டு வந்து களஞ்சியம் முழுக்கக் கொடுத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். நெய் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஸ்மிதா மட்டும் தனக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பூவாத்தாளின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் மாதேவி அப்போது கிளம்பிவிடுவாள்.

“பூவா, ஊட்டா ஆச்சா? நான் இன்னிக்கு வந்து இருந்தேன் பஸ்ஸில். மளை வந்தான்.”

பூவாத்தாள் அவர் வாயையே பார்ப்பாள். சில நாள் உதடு லேசாகத் துடிக்கும். அது சிரிப்பா, நோயா என்று தெரியாது. நாற்பத்து மூன்று வாங்கியவன் பேசியும் இவளுக்குப் புரியவில்லையென்றால், நோய் இன்னும் தெளியவில்லை என்று பசவராஜ் வருத்தப்பட்டார்.

நடுவில் ஒரு சங்கடம் நேர்ந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு அப்பாலிருந்து இவர் தமிழில் பேசிப் பழகுவதைக் கேட்ட நாராயணஸ்வாமி, “மழை வந்தான் இல்ல ஸார், மழை வந்தது” என்று சொல்லிவிட்டார். பசவராஜ் நேர்மையான மனிதர். உறுதிமொழிப்படி மறுநாளே தெரிவித்தார். களஞ்சியத்தில் அன்று வேலை நின்றுவிட்டது. இயக்குநர் அறையில் அவசரக் கூட்டம். ‘மழை’ சம்பந்தப்பட்ட மூன்று மாதத் தரவு மாசுபட்டிருக்கலாம் என்று தீர்மானித்தார்கள். நாராயணஸ்வாமிக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் போனது: ‘களஞ்சியத்தின் பராமரிப்பில் உள்ள கற்போர் ஒருவரைத் தாங்கள் அத்துமீறித் திருத்தியதாக அறிகிறோம். பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் ஒரு மெமோ வாங்காத மனிதர். அன்றிலிருந்து பசவராஜ் வாசலுக்கு வந்தால் அவர் உள்ளே போய்விடுவார்.

ஆறாவது மாதம் மாதவ் அவரைக் கூப்பிட்டு ஒரு சின்னக் கருவியைக் கையில் வைத்தார். தீப்பெட்டி அளவு. சிவப்பு விளக்கு.

“இயல்புச் சூழல் பதிவு. முதல் மாணவருக்கு மட்டும்தான் இது. வீட்ல மனைவியோட பேசும்போது போட்டு விடுங்க. அடுத்த நாள் காலைல கொண்டுவந்து குடுத்துடணும்.”

அது ஜூன் மாதம். அன்று மத்தியானத்திலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. பசவராஜ் கருவியைத் தலையணைப் பக்கம் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இதைவிட நல்ல நாள் வராது என்று அவருக்குத் தோன்றியது. முதல் இடம் வாங்கியாகிவிட்டது. இனியும் தமிழ் வரவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. பூவாத்தாளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

“பூவா, நான் ஒண்ணு சொல்றது இருக்கு. உன் அம்மா செத்துப் போனது நாள், எனக்கு போன் வந்து இருந்துது. டிப்போக்கு. நான் உனக்கு சொல்லல்ல. நாலு நாள் சொல்லல்ல. வீட்டில் பூஜை இருந்துது. நீ போனா அடுப்பு யார் பாக்கறது என்னு யோசனை பண்ணிதேன். நீ அம்மா முகம் பாக்கல்ல. நான் பண்ணிது. கோவம் பண்ணிக்கோ. அப்புறம் மன்னிப்பு பண்ணு.”

பூவாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டாள். போச்சு என்று நினைத்தார். அந்தக் கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவள் பேச ஆரம்பித்தாள்.

பக்கவாதம் வந்தபின் அவள் அவ்வளவு பேசியதே இல்லை. கால் மணி நேரம் இருக்கும். கோணிய வாயில், ஊர்ப் பேச்சில், கடகடவென்று, மூச்சு வாங்கி நிறுத்தி, மறுபடியும். “அம்மா” என்பது அவருக்குக் கேட்டது. “நாலு நாளு” கேட்டது. “உப்பு” என்று இரண்டு தடவை வந்தது. நடுவே ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. எதற்குச் சிரித்தாள், எதற்கு அழுதாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் நிறுத்தின இடங்களிலெல்லாம் “ம்” என்றார். கடைசியில் ஏதோ கேட்டாள். கேள்வி என்பது குரலிலிருந்து தெரிந்தது. “ம்” என்றார் அதற்கும். அவள் சட்டையை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

பசவராஜுக்குக் கவலையில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் உள்ளே இருக்கிறது.

மறுநாள் கருவியைக் கொடுக்கும்போது ஸ்மிதாவிடம் கேட்டார். “மேடம், என் வீட்டவ இதில் பேசி இருக்கா. ஒரு தடவை கேட்டு, என்ன சொன்னா என்னு எனக்கு சொல்றீங்களா?”

ஸ்மிதா தலையாட்டப் போய், நிறுத்திக்கொண்டாள். “நான் கேக்க முடியாது அங்கிள். பதிவு நேரா மெஷினுக்குப் போயிடும். பர்மிஷன் இல்லாம யாரும் தொடக் கூடாது.”

பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். இன்னும் ரெண்டு மாதம் படித்தால் தானே கேட்டுப் புரிந்துகொள்ளலாம். பூவாவும் இருக்கிறாள், பதிவும் இருக்கிறது, என்ன அவசரம்?

ஒரு வாரத்தில் களஞ்சியத்தின் ஆண்டு விழா. பசவராஜுக்கு மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாலு மாநிலத்திலிருந்து அறிஞர்கள் வந்திருந்தார்கள். மாதவ் மைக்கைப் பிடித்தார். பேச்சு தமிழில் இருந்தது. பசவராஜுக்கு அங்கங்கே புரிந்தது. புரியாததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேகனா மெல்லக் கன்னடத்தில் சொன்னாள்.

“அறிஞர் பெருமக்களே! பிழை என்பது மனித குலத்தின் சொத்து. அதைத் திருத்துகிறவன் அந்தச் சொத்தைத் திருடுகிறவன். மற்ற நிறுவனங்கள் மொழியைக் கற்பித்து, பிழைகளை அழித்துக்கொண்டிருக்கின்றன. நாம் காப்பாற்றுகிறோம். இங்கு வரும் பல கற்போர் நமக்குத் துரோகம் செய்கிறார்கள், கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் திரு. பசவராஜ் அவர்கள் ஆறு மாதத்தில் ஒரு பிழையைக்கூட இழக்கவில்லை. மாறாகப் பெருக்கியிருக்கிறார். இந்தச் சாதனையில் நம் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு. ஒருவர்கூட அவரைத் திருத்தவில்லை. சபலம் எல்லோருக்கும் வரும். எனக்கே வந்திருக்கிறது. அவர் மனைவி உடல்நிலை பற்றிக் கேட்டபோது வந்தது. அடக்கிக்கொண்டேன்.”

மேகனா பாதியிலேயே சொல்வதை நிறுத்திவிட்டாள். பிறகு ஒலிபெருக்கியில் பசவராஜின் குரல் வந்தது. “நான் பண்ணிது. கோவம் பண்ணிக்கோ. அப்புறம் மன்னிப்பு பண்ணு.” அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தார்வாடிலிருந்து வந்த ஒரு பெரியவர், இப்படி மூன்று வாக்கியத்தில் நாலு வகைப் பிழை அமைவது கோடியில் ஒன்று என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேட்டாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார் பசவராஜ்.

“சார், அந்த நம்பர் எல்லாம் மார்க் இல்லவா?”

“மார்க்கை விடப் பெரிசு, பசவராஜ்.”

“அப்போ நான் வீட்டில் அவளுக்கு சொன்னது எல்லாம் தப்பு?”

“தப்புன்னு சயன்ஸ்ல ஒண்ணு கிடையாது. வகை பதினாலு, வகை இருபத்திரண்டு. அவ்வளவுதான்.”

“அவளுக்கு புரிஞ்சு இருக்குமா சார்? நான் சொன்னது?”

மாதவ் உண்மையாகவே யோசித்தார். “புரியறது, புரியாதது நம்ம பிராஜெக்ட்ல இல்லியே.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பசவராஜுக்கு அந்த ஒன்றே ஓடியது. என்ன சொன்னோமோ, அவள் என்ன கேட்டாளோ. தன் அம்மாவைப் பற்றி ஏதோ கெட்டது சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாளோ? பதிவில் இருக்கும் அவள் பதிலைக் கேட்டால் தெரிந்துவிடும். அதற்குள் முகம் பார்த்தே கேட்டுவிடலாம் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து, மேகனாவிடம் கேட்டு எழுதி வாங்கி வந்த ‘நான் அன்னிக்குச் சொன்னது புரிஞ்சுதா?’ என்ற வாக்கியத்தை மனைவியிடம் படித்தார். பூவாத்தாள் அவர் கன்னத்தைத் தொட்டாள். எல்லாம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்கிற முகம். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராகிக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள். ஹனூருக்கு இந்தத் தடவை பசவராஜே போன் செய்தார், அந்தக் கணமே. அவள் தம்பி சித்தையன் நாலு பேரோடு வந்து, வாசலில் நின்று அழுதுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

காரியம் முடிந்த மறுநாள் களஞ்சியத்திலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் மனைவியாரின் மறைவு அறிந்து களஞ்சியம் ஆழ்ந்த துயரம் அடைகிறது. இதனால் தங்கள் விண்ணப்பத்தில் கற்றல் நோக்கம் என்ற இடம் காலியாகியுள்ளது. வேறு நோக்கம் இருப்பின் ஆறாம் எண் படிவத்தில் தெரிவிக்கவும். துக்க காலத்தில் கற்போரின் பேச்சு ஆய்வுக்கு மிகவும் உகந்தது என்பதால் விரைவில் வருகை தர வேண்டுகிறோம்.’

பசவராஜ் ஆறாம் எண் படிவத்தில் எழுதினார்: ‘மனைவி பேசினதை கேட்க.’

அதற்குக் குழு கூடியது. குரல் யாருடையதோ அவருடைய கையெழுத்து வேண்டும் என்றது குழு. அவர் இறந்துவிட்டார் என்றார் பசவராஜ். அப்படியானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றது. கொடுத்தார். சான்றிதழில் இறந்தவரின் தாய்மொழி குறிக்கப்படவில்லை, ஆகவே பதிவில் பேசுகிறவர் தமிழ்த் தாய்மொழியாளர்தானா என்று கள ஆய்வு செய்ய வேண்டும் என்றது. மூன்று பேர் ஒரு காரில் ஹனூருக்குப் போனார்கள். அங்கே சித்தையன் கதவைத் திறக்கவில்லை. வந்ததற்கு மாதேஸ்வரன் மலை ஏறி, சாமி கும்பிட்டு, லட்டுப் பிரசாதத்தோடு திரும்பி, ‘மலைப் பகுதியில் தமிழ் பேசப்படுவது நேரில் கேட்டு உறுதி செய்யப்பட்டது’ என்று நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார்கள். பசவராஜுக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள்.

நாலு மாதம் ஓடியது. அவர் வாரம் தவறாமல் வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பட்டியலில் இப்போது வேறு யாரோ முதலிடம். இந்த இடைவெளியில் அவர் தமிழ் கற்றுக்கொண்டார். உறுதிமொழியை மீறி, டிவி பார்த்து, நாராயணஸ்வாமியிடம் மன்னிப்புக் கேட்டு, தினம் சாயங்காலம் அவர் வாசலில் நின்று, மேகனாவிடம் போனில் கேட்டு. இங்கேயும் அங்கேயும் சறுக்கும். ஆனால் யாராவது கொங்குப் பேச்சில் கடகடவென்று பேசினாலும் இப்போது முக்கால்வாசி புரிந்தது. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, ஹனூர் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டார். பூவாவின் கால் மணி நேரத்துக்காக அறுபத்தியோரு வயதில் ஒரு மனிதன் படித்த படிப்பு அது.

கடைசியில் ஒரு புதன்கிழமை அனுமதி வந்தது. ஒரு முறை கேட்கலாம். நகல் எடுக்கக் கூடாது. இயக்குநர் உடனிருக்க வேண்டும்.

பசவராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஸ்மிதா அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள். பட்டனை அமுக்கினாள்.

அவர் குரல் வந்தது. பூவா, நான் ஒண்ணு சொல்றது இருக்கு. டிப்போ, பூஜை, அடுப்பு. ஒவ்வொரு தவறும் இப்போது அவருக்கே கேட்டது, பல்லைக் கடித்துக்கொண்டார். கோவம் பண்ணிக்கோ. அப்புறம் மன்னிப்பு பண்ணு. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் காதை அழுத்திக்கொண்டார்.

ம்.

ம். ம். ம்.

ம். ம். ம். ம். ம்.

ம்.

அவ்வளவுதான். பத்து விநாடிகூட இல்லை.

“அவ எங்க?” என்றார் பசவராஜ்.

ஸ்மிதா தரையைப் பார்த்தாள். மாதவ்தான் சொன்னார். பெருமையோடு இல்லை; நியாயமாகச் சொன்னால், அன்று அவர் குரலில் பரிவுகூட இருந்தது.

“மெஷின் ரெண்டு குரலையும் பிரிச்சுடும், பசவராஜ். கற்போர் குரல மட்டும் வெச்சுக்கும். தாய்மொழிக்காரங்க பேச்சுல பிழை இருக்காதே, அது சும்மா எடத்த அடைக்கும். அன்னிக்கே எடுத்துருச்சு. மனுஷக் காது அதக் கேக்கவே இல்ல. இந்தக் கட்டடத்துல பிழையில்லாத வாக்கியம் ஒண்ணுகூடக் கிடையாது, தெரியுமா? உங்க மனைவி பேசினதுல ஒரே ஒரு பிழை இருந்திருந்தாக்கூட, நூறு வருஷம் பத்திரமா வெச்சிருப்போம்.”

அனுமதிக் கடிதம் நாலு மாதமாக எந்தப் பதிவுக்காக அலைந்தது என்று பசவராஜ் கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். மாதவுக்கு வேறு கூட்டம் இருந்தது, போய்விட்டார்.

பசவராஜ் காதிலிருந்ததைக் கழற்றவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

“அவ பேசின நேரம் அளவுக்குச் சும்மாவாவது விட்டு வெச்சிருக்கலாம், மேடம். நான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.”

ஸ்மிதா அழுதாள். பிறகு எழுந்து போய், அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, ஒரு முறைதான் கேட்கலாம் என்ற விதியை மீறி மறுபடியும் போட்டாள். அவர் கேட்டார். பூவா என்னவோ கேட்டிருக்கிறாள். அந்தக் கடைசி ‘ம்’ வழியாக அவர் சரி என்று சொல்லியிருக்கிறார். அது மட்டும் தெளிவாக இருந்தது.